பதினாலா, பதினைந்தா, பதினாறா, பதினேழா? கடலூர்–புதுச்சேரி சாலைக்கு எந்தச் சக்கரம்

போன மழைக்காலம் முடிந்த கையோடு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். ஸ்விஃப்ட், அடிப்படை மாடல். தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர். நாலு டயரும் தேய்ந்து, டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "அண்ணே, எப்படியும் டயர் மாத்தத்தான் போறேன். அப்படியே பதினேழு அலாய் போட்டுடலாமா? உள்ள இடிக்குமா?"

அவர் கேட்டது பதினேழு அங்குல அலாய் ரிம், அதாவது இரும்புக்குப் பதில் அலுமினியக் கலவையில் செய்தது. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. "பதினைந்து போதுமா?" "இருக்கிற ரிம்மிலேயே அகல டயர் ஏறுமா?" சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் மேடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாத விஷயம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஸ்விஃப்ட், டிசையர் இரண்டையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் அதிகம் ஓடுவதோடு, கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15 என்று கம்பெனியே இரண்டு அளவு கொடுத்திருக்கிறது. வேறு கார் வைத்திருப்பவர்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ. அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 120 மி.மீ. ரிம் விட்டம் 15 அங்குலம். ரிம் விட்டத்தோடு மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் வந்துவிடும்.

இந்த மொத்த விட்டம்தான் முதல் அளவுகோல். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாமே இந்த விட்டத்தை நம்பித்தான் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறைந்து மொத்த விட்டம் பழையபடியே இருக்க வேண்டும். பதினாலு அங்குல வண்டியில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-க்கு மேல் ஓடும், கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுபோய் இழுவை மந்தமாகும். 'ஒரு சைஸ் கூட, வண்டி உயரமாத் தெரியும்' என்று யாராவது இதைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, பக்கச்சுவர் உயரம். சாலைப் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும் மட்டும்தான். உயரமாக இருந்தால் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஆனால் வளைவில் கொஞ்சம் நெளியும். குட்டையாக இருந்தால் ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி திரும்பும், பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

மூன்றாவது, எடை. பலரும் கவனிக்காத, வண்டியின் இழுவையை உண்மையில் தீர்மானிக்கிற விஷயம் இதுதான். டிக்கியில் கூடும் ஒரு கிலோ வண்டியோடு சும்மா பயணம் செய்கிறது. டயரின் வெளிவட்டத்தில் கூடும் ஒரு கிலோவை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக வேலை வாங்கும். பிரேக் பிடிக்கும்போதும் அப்படியே. போதாததற்கு, சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. கனமான சக்கரம் மேட்டில் ஏறித் துள்ளினால் ஷாக் அப்சார்பர் அதை அடக்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

கடலூர் முதுநகரில் மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று என் கடையில் தொங்குகிறது. அலாய் கேட்டு வருகிறவர் முன்னால் இரண்டு சக்கரத்தையும் அதில் மாட்டிக் காட்டுவேன். பதினாலு இரும்பு ரிம் டயரோடு சுமார் 14 கிலோ நின்றது. ஒருவர் வெளியிலிருந்து வாங்கிவந்த பதினேழு அலாய் டயரோடு 19 கிலோவைத் தாண்டியது. அலாய் என்றாலே லேசு என்ற நினைப்பு அந்தக் கொக்கியில் அடிபட்டுப் போகும். விலை மலிவான வார்ப்பு அலாய், அதே அளவு இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பதும் உண்டு.

மற்றவை சுமைத் தாங்கும் திறன், உப்புக்காற்று, மழை, ஐந்து வருடச் செலவு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| தேர்வு | டயர் அளவு | பக்கச்சுவர் | மொத்த விட்டம் | நம் சாலையில் |
|---|---|---|---|---|
| பதினாலு | 165/80 ஆர்14 | 132 மி.மீ. | 620 மி.மீ. | மெத்தென்று போகும், வளைவில் நெளியும் |
| பதினைந்து | 185/65 ஆர்15 | 120 மி.மீ. | 621 மி.மீ. | எல்லாவற்றிலும் நடுவாந்திரம் |
| பதினாறு | 195/55 ஆர்16 | 107 மி.மீ. | 621 மி.மீ. | பிடிமானம் நன்று, பள்ளம் தெரியும் |
| பதினேழு | 205/45 ஆர்17 | 92 மி.மீ. | 616 மி.மீ. | தோற்றம் அருமை, மழைக்காலத்தில் ஆபத்து |

விட்டம் நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் 'பெரிய வீல் போட்டா வண்டி உயரும்' என்பதும், 'டாப் ஸ்பீடு கூடும்' என்பதும் இங்கே பொருந்தாது. மாறுவது ரப்பரின் உயரம், அகலம், எடை இவை மூன்றுதான்.

## பதினாலிலேயே இருந்து நல்ல டயர் போடுவது

இதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான். டயரின் ரப்பர் கலவையும் பள்ள அமைப்பும் தரும் வித்தியாசம், ஒரு அங்குலம் ரிம் கூட்டுவதைவிடப் பெரிது. தேய்ந்த டயரோடு ஓட்டிவிட்டு, புதிய அலாயும் புதிய டயரும் போட்டதும் 'அலாய் போட்டதுல பிரேக் நல்லா நிக்குது' என்பார்கள். நின்றது டயரால்.

மழைக்கு இதுதான் பலம். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டும் மழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரி தெருக்களில் நின்ற தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே காற்றழுத்தம், ஒரே பள்ள ஆழம் என்று வைத்தால், குறுகலான டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். அகலமான டயர் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. பள்ளம் மிஞ்சும் வரை ஓட்டலாம். ஆனால் ஐப்பசி பிறக்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இரும்பு ரிம்முக்கு இன்னொரு நல்ல குணம், அது வளையும், சட்டென்று விரிசல் விடாது. பள்ளத்தில் அடிவாங்கினால் தட்டி நேராக்கிவிடலாம். கடற்கரையில் துருப் பிடிக்கும் என்பது உண்மைதான். ரிம்மும் அதைத் தாங்கும் ஹப்பும் ஒட்டும் இடத்தில் துரு ஏறினால் சக்கரம் நேராக உட்காராது, பேலன்சிங் எவ்வளவு செய்தாலும் ஆட்டம் நிற்காது. டயர் மாற்றும்போது அந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

குறை ஒன்று உண்டு. நாலுவழிச்சாலையில் வேகமாகப் போய்ச் சட்டென்று தடம் மாற்றினால், உயரமான பக்கச்சுவர் முதலில் நெளிந்து அப்புறம்தான் வண்டி திரும்பும். அந்தத் தாமதம் ஸ்டீயரிங்கில் தெரியும்.

யாருக்கு: ஊருக்குள்ளேயே ஓட்டுபவர், வாடகைக்கு ஓட்டுபவர், முதுகுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருப்பவர், பண்ருட்டியிலிருந்து டிக்கி நிறையப் பலாப்பழம் ஏற்றிவருபவர்.

## பதினைந்து

தினமும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வருகிறவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். பக்கச்சுவரில் 12 மி.மீ. மட்டுமே குறைகிறது. அகலம் 20 மி.மீ. கூடுகிறது. சுமை எண் 85-லிருந்து 88-க்குப் போகிறது, அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோவிலிருந்து 560 கிலோ ஆகிறது. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறது. கம்பெனியே இதே மாடலுக்குக் கொடுக்கும் அளவு என்பதால் உள்ளே இடிக்குமா என்ற கவலை இல்லை. ஸ்டெப்னி பழைய பதினாலு இரும்பாகவே இருந்தாலும் விட்டம் 2 மி.மீ. கூட வித்தியாசப்படாது. பஞ்சர் ஆனால் அதை மாட்டி, நிதானமாக ஓட்டி வீடு வந்து சேரலாம்.

மேல் மாடல் ஓட்டியவர்கள் பதினாறுக்கு மாறும்போது கழற்றி விற்கும் கம்பெனி அலாய் சில சமயம் டயர் கடைகளில் கிடைக்கும். விலை பாதிக்கும் கீழே வரலாம். வாங்கும் முன் பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றிப் பாருங்கள். உள்பக்க விளிம்பு மேலும் கீழும் அலைந்தால் அது பள்ளத்தில் அடிவாங்கியது. கம்பிகளின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பற்றவைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்த அலாயை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எரிபொருள் கொஞ்சம் கூடும். இந்த அளவில் பெரும்பாலோருக்கு அது கண்ணில் படாது.

## பதினாறு

195/55 ஆர்16 பலேனோ மேல் மாடலில் வரும் அளவு. ஸ்விஃப்டில் போட்டால் விட்டம் சரியாக வருகிறது, ரிம் சரியாக அமைந்தால் இடிக்காது. காய்ந்த சாலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் நீண்ட வளைவுகளில் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தச் சுகத்தை மறுக்க மாட்டேன்.

ஆனால் 1.2 லிட்டர் எஞ்சின். சக்கரம் கனமானால் இரண்டாம் கியரில் வேகத்தடையிலிருந்து கிளம்பும்போது ஒரு சோம்பல் தெரியும். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை வேகத்தடை என்று எண்ணிப் பாருங்கள். லேசான ரிம் கிடைத்தால் மட்டும் பதினாறுக்குப் போங்கள். கடைக்காரரிடம் முதல் கேள்வி 'டிசைன் என்ன?' என்று இருக்க வேண்டாம், 'ஒரு ரிம் எத்தனை கிலோ?' என்று கேளுங்கள்.

யாருக்கு: மாதத்தில் பாதி நாள் சென்னைச் சாலையில் தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர், காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் உள்ளவர்.

## பதினேழு

92 மி.மீ. என்பது கைக்கட்டை விரலை நீட்டாமல் நாலு விரலைச் சேர்த்துவைத்தால் வரும் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அவ்வளவு ரப்பரை நம்பித்தான் மழைத்தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்குகிறோம்.

என்ன நடக்கிறது என்றால், பள்ளத்தின் முனைக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடுகின்றன. வெளியே ரப்பர் கிழியாது, காற்றும் போகாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். அதை ஒட்டவைக்க வழியே கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த வீக்கத்தோடு நாலுவழிச்சாலையில் ஓட்டினால் எந்த நிமிடம் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரவை நேரத்தில் கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓரம் உடைந்த நெல்லிக்குப்பம் சாலையில் தினமும் போகிறவருக்கு இதை எப்படி நான் பரிந்துரைப்பேன்?

சுமையையும் பாருங்கள். 205/45 ஆர்17-ல் சாதாரண வகை 84 என்ற சுமை எண்ணில் வரும். அது 500 கிலோ, பழைய பதினாலைவிடக் குறைவு. 88 எக்ஸ்எல் (கூடுதல் சுமை வகை) என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயர் முழுச் சுமை தாங்கக் காற்றும் கூட வைக்க வேண்டும், அப்போது குலுக்கல் இன்னும் கூடும்.

யாருக்கு: ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கிறவர், அழகுக்காகவே வேண்டும் என்று தெரிந்தே ஆசைப்படுகிறவர். அந்த ஆசை தப்பில்லை. பழைய பதினாலை விற்றுவிடாமல் வீட்டில் வைத்து, புரட்டாசி கடைசியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## அளவு சரி, பொருந்துகிறதா?

அலைன்மென்டுக்கு வந்து 'ஸ்டீயரிங் ஆடுது' என்று சொல்லும் வண்டிகளில் நான் பார்க்கும் தவறு பெரும்பாலும் அங்குலத்தில் இருப்பதில்லை. ரிம் ஹப்பில் உட்காரும் விதத்தில் இருக்கிறது.

ஸ்விஃப்டுக்கு நாலு நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. இது பொருந்தினாலே மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நடு ஓட்டையைப் பார்ப்பதில்லை. ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய் பல கார்களுக்கும் ஆகட்டும் என்று 73.1 மி.மீ. ஓட்டையோடு வரும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் உண்டு. அது இல்லாமல் மாட்டினால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நட்டுகள் மட்டும்தான். மயிரளவு விலகினாலும் 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். சில வருடம் முன்பு என் சொந்த வண்டிக்கே ஒரு கடையில் வளையம் போடாமல் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. மூன்று முறை பேலன்சிங் பார்த்தும் நடுக்கம் போகாமல், கடைசியில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மின் உள்பக்கம் 'ஈடி' என்று ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஒரு கணக்கு: 5.5 அங்குல அகலம், ஈடி 45 ரிம்மைக் கழற்றி 7 அங்குல அகலம், ஈடி 35 போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ. ஆஃப்செட் குறைந்ததில் 10 மி.மீ. ஆக 29 மி.மீ. வெளியே தள்ளும், உள்பக்கம் 9 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும். பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். வீல் பேரிங் மேல் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், சேறு கதவு முழுக்கத் தெறிக்கும், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமானும் ஏற்றினால் மட்கார்டு உதடு டயரை உரசும். இடிக்குமா என்று கடையில் காலி வண்டியில் பார்த்துப் பயனில்லை. ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டு போட்டுச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

நட்டும் முக்கியம். மாருதிக்கு 12 மி.மீ., 1.25 மரை. ஹூண்டாய்க்கு 12 மி.மீ., 1.5 மரை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மாற்றி முடுக்கினால் மரை போய்விடும்.

அப்புறம் நம் உப்புக்காற்று. சில்வர் பீச் பக்கம் வீடு, தினமும் வெளியில் வண்டி நிற்கிறது என்றால், பளபளவென்று முகம் செதுக்கிய டைமண்ட் கட் அலாயைத் தவிர்த்துவிடுங்கள். ஒயிட் டவுனில் ஓரக்கல்லில் ஒரு உரசல் போதும். மேல்பூச்சு கிழிந்த இடத்தில் உப்பு உள்ளே போய், வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரிக் கோடுகோடாகப் பூச்சுக்கு அடியில் படரும். முழுக்கப் பெயின்ட் அடித்த அலாய் நீண்ட நாள் தாங்கும். வாரம் மூன்று, நாலு பாயிண்ட் காற்று இறங்குகிறது, பஞ்சரும் இல்லை என்றால், டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். டயரைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் நின்றுவிடும்.

## காகிதம்

வெளியில் வாங்கிய அலாயைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து பாலிசியில் சேர்க்காவிட்டால், திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான், அதுவும் பாதி. பதினேழு அங்குல டயர் வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவுக்குள்ளேயே நின்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செலவு கேட்கும்போது ரிம் விலையை மட்டும் கேட்காதீர்கள். நாலு ரிம், நாலு டயர், வளையம், நட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. மூன்று வருடம் கழித்து அதே அளவில் நாலு டயருக்கு இன்னொரு தொகை. 205/45 ஆர்17 ஒரு டயர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டும் என்றால் கடலூரில் எத்தனை கடையில் கிடைக்கும் என்றும் கேட்டுவையுங்கள். 165/80-ம் 185/65-ம் எந்தக் கடையிலும் இருக்கும். டயர் எடுத்ததும் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்தது.

நெல்லிக்குப்பத்துத் தம்பியிடம் இரண்டு சக்கரத்தையும் கொக்கித் தராசில் மாட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினைஞ்சுல இதே டிசைன் வருமாண்ணே?" என்றார். வந்தது. கருப்புப் பெயின்ட், 5.5 அங்குல அகலம், வளையத்தோடு. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி முடுக்க வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை, அலுவலகம் முடிந்து வரும் வழியில் வந்தார். நாலில் ஒரு நட்டு கால் சுற்று இளகியிருந்தது.